எண்ணிம ஏடுகளைப் பேணும் வேலை ஒழுங்கு

(சங்கத்தின் ஆண்டுக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



எண்ணிம ஆவணங்களைப் பேணும் நடைமுறைகளை ஒருவரோடொருவர் பகிர்ந்துகொள்வது பற்றிப் பேசும்படி காரியதரிசியார் எம்மைக் கேட்டிருக்கிறார். எண்ணிமம் என்பது கடைத்தெருவிலே 'டிஜிட்டல்' என்று சொல்லப்படும் அதே பொருள்தான். சொல்லைக் கண்டு எவரும் மலைக்க வேண்டியதில்லை. கைத்தொலைபேசியில் எடுத்த படம், கணனியில் தட்டெழுதிய கூட்டறிக்கை, இறுவட்டில் பதிந்த நாடகம், ஸ்கேன் செய்த பழைய மலர் ஆகிய இவையெல்லாம் எண்ணிம ஆவணங்களே. இவை இன்னும் ஐம்பது ஆண்டு கழித்து எமது பேரப்பிள்ளைகளுக்குத் திறந்து பார்க்கக் கிடைக்குமா என்பதே கேள்வி. இப்போது நடப்பதுபோல் நடந்தால் பெரும்பாலானவை கிடையா என்பது எமது துணிபு. அதற்குக் காரணமும் பரிகாரமும் சொல்லவே இங்கு வந்தோம்.

பனையோலையில் எழுதிய எம் முன்னோர் இந்தக் கேள்வியை அறியாதவர்கள் அல்லர். ஓலையைப் பாடம்பண்ணி, எழுத்தாணியால் எழுதி, மையாடி, இருபுறமும் சட்டமிட்டு, கயிறு கோத்து, சீலையிற் கட்டி வைத்தார்கள். அவ்வளவு செய்தும் பூச்சியும் ஈரமும் ஓலையை விடுவதில்லை. ஆகவே ஏடு சிதையுமுன் புதிய ஓலையில் அதனைப் பெயர்த்தெழுதினார்கள். பெயர்த்தெழுதிய ஏட்டை மூல ஏட்டோடு ஒப்புநோக்கினார்கள். வேறோர் ஊரவர் கேட்டால் அவருக்கும் ஒரு பிரதி கொடுத்தார்கள். பெயர்த்தெழுதுவோர் அருகிய தலைமுறையிலேதான் நூல்கள் மாண்டன. கறையான் வாயினின்று எஞ்சியவற்றைத் தேடி எடுத்தவர்களுள் எமது சிறுப்பிட்டி சி. வை. தாமோதரம்பிள்ளை ஒருவர். அவர் 1887ஆம் ஆண்டு கலித்தொகையை அச்சேற்றியிராவிட்டால் அந்நூலின் கதி என்னவாகியிருக்கும் என்று நினைக்கவே அச்சமாயிருக்கிறது.

பிரதி ஓரிடத்தில் மாத்திரம் இருப்பதால் வரும் கேட்டை எமக்கு எவரும் எடுத்துக் கூறவேண்டியதில்லை. 1981ஆம் ஆண்டு மே 31ஆந் திகதி இரவு தொடங்கி யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டபோது ஏறக்குறைய 97,000 நூல்களும் சுவடிகளும் சாம்பலாயின. வேறிடத்திற் பிரதி இருந்தவற்றைப் பின்னர் வாங்கி அடுக்க முடிந்தது, இல்லாதவை போனவையே. 1995 ஒக்டோபர் இடப்பெயர்விலும், 2004 டிசம்பர் 26ஆந் திகதிய கடற்கோளிலும், வன்னிப் போரிலும் வீட்டு அலுமாரிகளில் இருந்த கலியாணப் படங்களும் பிறப்பத்தாட்சிகளும் போயின. இந்த மண்டபத்தில் இருப்பவர்களுள், தம் தகப்பனாரின் படமொன்றுகூட இல்லாதவர்கள் இருக்கிறார்கள் என்பதை நாம் அறிவோம்.

"இனி அந்தப் பயம் இல்லை, எல்லாம் கணனியில் ஏறிவிட்டதே" என்று இளைஞர்கள் சொல்லுகிறார்கள். இந்த எண்ணத்தைத்தான் நாம் சற்று விரிவாக ஆராய வேண்டும்.

இங்கிலாந்திலே 1086ஆம் ஆண்டு மன்னன் முதலாம் வில்லியத்தின் கட்டளைப்படி நாட்டிலுள்ள காணி, கால்நடை, குடி ஆகியவற்றைக் கணக்கெடுத்து ஒரு பெரும் ஏட்டில் எழுதினார்கள். 'டூம்ஸ்டே' ஏடு என்பது அதன் பெயர். தோலில் எழுதிய அந்த ஏடு இன்றும் இலண்டன் கியூவிலுள்ள தேசிய ஆவணக் காப்பகத்தில் இருக்கிறது; இலத்தீன் தெரிந்தவர் வாசிக்கலாம். அதன் 900ஆம் ஆண்டு நிறைவைக் கொண்டாட 1986ஆம் ஆண்டு பி.பி.சி. நிறுவனத்தார் புதிய டூம்ஸ்டே ஒன்றை ஆக்கினார்கள். பாடசாலைப் பிள்ளைகள் உட்படப் பத்து இலட்சத்துக்கும் மேற்பட்டோர் தங்கள் ஊர்களைப் பற்றி எழுதியும் படம் பிடித்தும் அனுப்பினார்கள். எல்லாவற்றையும் இரண்டு லேசர் தட்டுக்களில் ஏற்றினார்கள். அத்தட்டை வாசிக்க அதற்கென்றே அமைந்த கணனியும் வாசிப்புக் கருவியும் வேண்டும். அந்தக் கருவிகள் சந்தையிலிருந்து மறைந்தன. பதினைந்தே ஆண்டுகளில், தட்டு இருந்தும் அதனை வாசிக்கக்கூடிய இயந்திரம் அருமையாகிவிட்டது. லீட்ஸ், மிச்சிகன் பல்கலைக்கழகத்தவர் பழைய கணனியைப் போலவே நடிக்கும் ஒரு மென்பொருளை ஆக்கி, 2002ஆம் ஆண்டளவில் அதனைத் திறந்து காட்டினார்கள். 2011ஆம் ஆண்டு அதன் ஒரு பகுதியை பி.பி.சி. இணையத்தில் இட்டது; அந்தத் தளமும் 2018இல் மூடப்பட்டு, இப்போது தேசிய ஆவணக் காப்பகத்தின் இணையச் சேமிப்பில் இருக்கிறது. தோல் ஏடு 900 ஆண்டு தாங்கியது. மின்னேடு பதினைந்து ஆண்டில் தள்ளாடியது. பணமும் படிப்பும் மிகுந்த நாட்டின் கதை இது.

இலவசமாக இடம் தருகிறோம் என்ற கம்பனிகளின் கதையும் அப்படியே. யாஹூ கம்பனி நடத்திய 'ஜியோசிற்றீஸ்' தளம் 2009இல் மூடப்பட்டது. 2015இற்கு முன்னர் 'மைஸ்பேஸ்' தளத்தில் ஏற்றப்பட்ட பாட்டுக்கள், வழங்கிகளை மாற்றும்போது அழிந்துபோயின என்று 2019இல் அறிவித்தார்கள். முகநூலில் எமது விழாப் படங்கள் இருக்கின்றனவே என்பவர்களுக்கு இதுவே மறுமொழி. பிரசுரித்தல் வேறு, பேணல் வேறு.

இனி எமது சொந்தக் கதைக்கு வருவோம். 'பாமினி' என்ற எழுத்துருவை இங்கு அறியாதார் இரார். இலங்கையிலும் புலம்பெயர்ந்த நாடுகளிலும் எத்தனையோ மலர்களும் பத்திரிகைகளும் கலியாணக் கடிதங்களும் அதிலேதான் தட்டெழுதப்பட்டன. அந்த எழுத்துருவின் சூட்சுமம் யாதெனில், கணனிக்குள் இருப்பது தமிழ் அன்று, ஆங்கில எழுத்துக்கள். 'அம்மா' என்று நாம் தட்டினால் உள்ளே எம், கே, அரைப்புள்ளி, கே, எச் என்றே பதிவாகிறது. பாமினி அதன்மேல் தமிழ்ச் சட்டையை மாட்டிக் காட்டுகிறது. எழுத்துரு இல்லாத கணனியிலே அந்தச் சட்டை கழன்றுவிடும். அம்மாவைத் தேடினால் அரைப்புள்ளி அகப்படும்! தமிழ் எழுத்துக்களுக்குத் தனித்தனி எண் வகுத்த யூனிகோட் முறை 1991இலேயே வந்துவிட்டது. ஆயினும் அது எமது மேசைக்கு வந்து சேர நெடுங்காலம் சென்றது. இடைப்பட்ட காலத்தில் எழுதியவை எல்லாம் பழைய கணனிகளிலும் நெகிழ்தட்டுக்களிலும் கிடக்கின்றன. மாற்றித் தரும் மென்பொருள் இலவசமாகவே உண்டு. மாற்றும் வழி அறிந்த ஒருவர் அறியாத ஒருவருக்குச் சொல்லவேண்டும், அவ்வளவே. எமது பொருளின் கரு இதுதான்.

பாமினிக் கோப்பு ஒன்று கிடைத்தால் நாம் செய்வதைச் சொல்லுகிறோம். முதலில் அதனை அப்படியே ஒரு பிரதி எடுத்து வைக்கிறோம். அதனை எவரும் தொடுவதில்லை. இரண்டாவதாக, எழுத்துரு உள்ள கணனியில் திறந்து, பக்கம் எப்படித் தோன்றியதோ அப்படியே பி.டி.எவ். ஆக்குகிறோம். நெடுங்காலச் சேமிப்புக்கென்றே 2005இல் வகுத்த 'பி.டி.எவ். ஏ' என்ற வகை உண்டு. அது எழுத்துருவையும் கோப்புக்குள்ளேயே வைத்துக் கட்டிவிடும். மூன்றாவதாக, யூனிகோட்டுக்கு மாற்றிய பிரதியை ஒருவர் வாசிக்க மற்றவர் பி.டி.எவ்.ஐப் பார்த்துப் பிழை திருத்துகிறார். கொம்பும் காலும் இடம் மாறுவதும், இடையில் வந்த ஆங்கிலச் சொற்கள் தமிழாய்க் குழம்புவதும் வழக்கமாகக் காணும் பிழைகள். மூன்றும் ஒரே உறையில் இருக்கும். மாற்றிவிட்டோமே என்று மூலத்தை அழிப்பது பெருந்தவறு. நாளை இதனினும் திறமாக மாற்றும் கருவி வந்தால் மூலம் வேண்டும்.

இவ்வாறு ஒவ்வொரு வகைப் பொருளுக்கும் ஒரு வேலை ஒழுங்கு வேண்டும். ஒழுங்கு என்றால் பெரிய சாத்திரம் அன்று: எதை, யார், எந்த வரிசையில், எந்தக் கருவியால் செய்வது என்று ஒரு கொப்பியில் எழுதிவைப்பதே.

பொருளைப் பெற்றுக்கொள்ளும்போதே வேலை தொடங்குகிறது. ஒருவர் படமொன்றைக் கொண்டுவந்தால், அது யாருடையது, யார் எடுத்தது, எந்த ஆண்டு, படத்தில் இடமிருந்து வலமாக நிற்பவர் யார் யார், இதனைப் பிறருக்குக் காட்டலாமா என்பதை அப்பொழுதே கேட்டு எழுதவேண்டும். நாளைக்குக் கேட்போம் என்று விட்டால் அந்த நாளை வராது. பெரியவர் ஒருவர் காலமானபின் அவர் வீட்டில் எஞ்சியிருக்கும் பெயரில்லாப் படங்கள், நல்ல விலைக்கு வாங்கிய அலுமாரியிற் கிடந்தாலும் அநாதைகளே. படத்தின் பின்புறத்தையும் ஸ்கேன் செய்யவேண்டும். பெயரும் திகதியும் பெரும்பாலும் அங்கேதான் பென்சிலால் எழுதியிருக்கும்.

புத்தகப் பக்கத்துக்கு ஓர் அங்குலத்துக்கு 400 புள்ளி போதும். சிறிய படத்துக்கு 600 வேண்டும். சுருக்காத 'ரிவ்' வடிவில் சேமிக்கவேண்டும். ஏ4 அளவான நிறப் பக்கம் ஒன்று 400 புள்ளியில் ஏறக்குறைய 46 மெகாபைற் இடம் கொள்ளும். நூறு பக்க மலர் ஒன்று 4.6 கிகாபைற். இது தனாதிகாரியாருக்குத் தெரியவேண்டிய கணக்கு; வன்தட்டு வாங்கக் காசு கேட்கும்போது அவர் முகம் சுளிக்கக்கூடாது அல்லவா? பலருக்கும் அனுப்ப வேண்டுமானால் அதிலிருந்து சிறிய 'ஜேபெக்' பிரதி ஒன்று எடுத்துக்கொள்ளலாம். சிறியதிலிருந்து பெரியதைத் திரும்ப எடுக்க முடியாது. வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பினால் அது படத்தைச் சுருக்குவதோடு, எடுத்த நாள், கமரா முதலிய விபரங்களையும் கழித்துவிடும். ஆகவே ஊர்களிலிருந்து படம் அனுப்புவோர் அதனை 'டொக்கியுமென்ற்' ஆக அனுப்பவேண்டும். இந்த ஒரு வரியை மாத்திரம் இளைஞர்கள் இன்றிரவே தங்கள் குழுக்களிற் சொல்லிவைத்தாற்கூட இந்தக் கூட்டம் வீண்போகவில்லை என்று மகிழ்வோம்.

கோப்புக்குப் பெயர் வைப்பதில் எமது பிள்ளைகள் காட்டும் கற்பனை அளவிறந்தது. 'கடைசி', 'கடைசித் திருத்தம்', 'உண்மையான கடைசி' என்று மூன்று கோப்பு இருந்தால் எது கடைசி? ஆண்டு, மாதம், நாள் என்ற வரிசையில் 1962-04-13 என்று தொடங்கி, அதன்பின் பொருளைச் சுருக்கமாக எழுதினால், கணனி தானாகவே கால வரிசையில் அடுக்கிவிடும். கோப்பின் பெயரில் இடைவெளி வேண்டாம். தமிழ்ப் பெயர்களைக் குழப்பும் பழைய மென்பொருள்கள் இன்னும் உள்ளபடியால், கோப்பின் பெயரை ஆங்கிலச் சிற்றெழுத்திலும் இலக்கத்திலும் வைத்து, முழு விபரத்தைத் தமிழில் அட்டவணையில் எழுதுவது நன்று. இதில் தமிழ்ப் பற்றுக் குறைவு ஏதும் இல்லை.

அடுத்தது கைரேகை. ஒவ்வொரு கோப்புக்கும் கணனி கணித்துத் தரக்கூடிய நீண்ட எண் ஒன்று உண்டு; 'செக்சம்' என்பார்கள். 'எஸ்.எச்.ஏ. 256' என்ற முறையிற் கணித்தால் 64 எழுத்தும் இலக்கமுமாக வரும். கோப்பில் ஒரு காற்புள்ளி மாறினாலும் அந்த எண் முழுவதும் மாறிவிடும். இன்று கணித்து எழுதிவைத்து, அடுத்த ஆண்டு மீண்டும் கணித்து ஒப்பிட்டால், கோப்பு பழுதுபட்டதா என்பது தெரிந்துவிடும். முன்னோர் மூல ஏட்டோடு ஒப்புநோக்கியது இதுவே. அவர்கள் நாட்கணக்கிற் செய்ததைக் கணனி நிமிடக்கணக்கிற் செய்கிறது. விண்டோஸ் கணனியிலேயே இதற்குக் கட்டளை உண்டு, காசு செலவில்லை.

அமெரிக்கக் காங்கிரஸ் நூலகத்தாரும் கலிபோர்னியா எண்ணிம நூலகத்தாரும் இதனை ஒரு பொதியாகக் கட்டும் முறையை வகுத்தார்கள். 'பாகிற்' என்பது அதன் பெயர். 2018இல் இணையத் தரக் குறிப்பாகவும் வெளியாயிற்று. கடையிலிருந்து மூடை வரும்போது உள்ளே என்ன என்ன எவ்வளவு என்று துண்டு ஒன்று வருகிறதல்லவா? அதுபோல, கோப்புக்களை ஓர் உறையிலிட்டு, அவற்றின் பெயரையும் கைரேகையையும் சாதாரண எழுத்துக் கோப்பு ஒன்றில் எழுதிக் கூடவே வைப்பது அம்முறை. பொதியைப் பெறுபவர் துண்டைப் பார்த்துச் சரிபார்க்கலாம். கோப்புக்களை அனுப்பிவிட்டோம், அவர்களுக்குச் சரியாகச் சேர்ந்ததா என்ற ஐயத்துக்கு இடமில்லை. பொதி கட்டும் மென்பொருளைக் காங்கிரஸ் நூலகமே இலவசமாகத் தருகிறது.

பிரதிகள் எத்தனை? மூன்று பிரதி, இரண்டு விதமான சாதனம், ஒன்று வேறிடத்தில் என்பது பீற்றர் குரோ என்ற படப்பிடிப்பாளர் பரப்பிய கணக்கு. எமது சங்கத்துக்கு அது பொருத்தமாகவே இருக்கிறது. ஒன்று சங்கக் கணனியில். ஒன்று வன்தட்டில், அது எந்நேரமும் கணனியிற் பொருத்தப்பட்டிராமல் கழற்றி வைக்கப்படவேண்டும். ஒன்று வெளியூரில் அல்லது இணையச் சேமிப்பில். ரொறன்ரோவிலும் இலண்டனிலும் உள்ள பழைய அங்கத்தவர்கள் சங்கத்துக்கு என்ன செய்யலாம் என்று கேட்டு எழுதுகிறார்கள். ஒரு வன்தட்டைத் தங்கள் லாச்சியில் வைத்து, ஆண்டுக்கொருமுறை சரிபார்த்துத் தருவது மண்டபத்துக்குக் கதிரை வாங்கித் தருவதினும் பெரிய உபகாரம்.

வன்தட்டைக் கழற்றி வைக்கச் சொல்வது ஏன்? 2023 ஒக்டோபரில் பிரித்தானிய நூலகத்தின் கணனிகளைக் கப்பம் கேட்கும் கள்வர் தாக்கினார்கள். நூலகத்தார் கப்பம் கொடுக்கவில்லை. எண்ணிமச் சேகரங்களின் பாதுகாப்பான பிரதிகள் அவர்களிடம் இருந்தன; ஆயினும் அவற்றைத் திரும்ப ஏற்றுவதற்கு ஏற்ற வழங்கிகளும் அமைப்பும் அழிந்தபடியால் பல மாதம் சேவை தடைப்பட்டது. இந்தச் செய்தியில் நாம் வியந்து பாராட்டுவது வேறொன்று. 2024 மார்ச் மாதத்தில் அவர்கள் நடந்தது என்ன, தங்களிடம் குறை எங்கே, பிறர் கற்கவேண்டியது என்ன என்று ஓர் அறிக்கையை எல்லோரும் வாசிக்க வெளியிட்டார்கள். பெரிய நிறுவனம் தன் காயத்தைத் திறந்து காட்டிற்று. அந்த அறிக்கையை வாசித்த எத்தனையோ சிறிய நூலகங்கள் தங்கள் கதவுக்குத் தாழ்ப்பாள் இட்டிருக்கும்.

அதிலிருந்து நாம் எடுத்துக்கொண்ட விதி ஒன்று உண்டு. பிரதி இருக்கிறது என்று சொல்வது போதாது. ஆண்டுக்கொருமுறை ஒரு பொதியைத் தெரிந்தெடுத்து, வேறொரு கணனியில், அதனைக் கட்டாத ஒருவர், கொப்பியில் எழுதியதை மாத்திரம் பார்த்துத் திறந்து காட்டவேண்டும். திறக்க முடியாவிட்டால் பிழை அவருடையதன்று, கொப்பியினுடையது. வன்தட்டு மூப்படையும் பொருள். ஐந்தாறு ஆண்டுக்கொருமுறை புதியதற்கு மாற்றவேண்டும். பழைய இறுவட்டுக்களில் உள்ளவற்றை இன்றே இறக்கிவிடவேண்டும்; வீட்டில் எழுதிய இறுவட்டின் சாயம் வெயிலாலும் வெப்பத்தாலும் கெடும், எமது நாட்டிலோ இரண்டுக்கும் குறைவில்லை.

எல்லாவற்றிலும் அவசரமானது கசெற். பேச்சு, பாட்டு, நாடகம், வானொலி நிகழ்ச்சி என்று ஒவ்வொரு வீட்டிலும் இருந்தன. நாடாவின் காந்தப்பூச்சு உதிர்கிறது. அதனினும் வேகமாக அதனை ஓடவைக்கும் கருவிகளும் திருத்துவோரும் மறைகிறார்கள். ஒரு மணிநேரக் கசெற்றைப் பதிய ஒரு மணிநேரம் இருந்தே ஆகவேண்டும். குறுக்கு வழி இல்லை. 96 கிலோஹேர்ட்ஸ், 24 பிற் என்ற தரத்தில் 'வேவ்' கோப்பாகப் பதிந்தால் மணிக்கு ஏறக்குறைய 2 கிகாபைற் ஆகும். ஓட்டுமுன் கருவியின் தலையைச் சுத்தப்படுத்தவேண்டும், நாடாவை ஒருமுறை முழுவதும் சுற்றி இளக்கவேண்டும், அழிபடாமல் உறையின் மேற்புறத்திலுள்ள சிறு தகட்டை உடைத்துவிடவேண்டும். இவையெல்லாம் எமது பெரியவர்களுக்குத் தண்ணீர்பட்டபாடு; இளைஞர்களோ பென்சிலால் கசெற்றைச் சுற்றுவது ஏன் என்று கேட்கிறார்கள். இங்கே ஆசிரியர் யார், மாணாக்கர் யார் என்பது தலைகீழாகிறது. கணனியை இளைஞர் கற்பிக்கட்டும். கசெற்றையும், படத்தில் நிற்பவர் பெயரையும், பழைய கையெழுத்தையும் பெரியோர் கற்பிக்கட்டும். இரு சாராரும் ஒரே மேசையில் அமரவேண்டும் என்பதற்காகவே ஒவ்வொரு வேலைக்கும் ஒரு மூத்தவரும் ஓர் இளையவரும் என்று ஒழுங்கு செய்திருக்கிறோம்.

அன்பர்களே, இனிப் பகிர்தல் பற்றி. இப்படியும் நடப்பதுண்டு: ஒரு சங்கத்திலே கெட்டிக்கார இளைஞர் ஒருவர் எல்லாவற்றையும் ஸ்கேன் செய்து, தம் பெயரில் இணையக் கணக்கு ஒன்று திறந்து ஏற்றிவைக்கிறார். பாராட்டி மாலை போடுகிறார்கள். அவர் வெளிநாடு போகிறார். அவரது பழைய தொலைபேசி இலக்கம் நிறுத்தப்படுகிறது. கடவுச்சொல் அவரோடு போயிற்று. எரிக்காமலே ஒரு நூலகம் போயிற்று! ஆகவே கடவுச்சொல் எப்பொழுதும் இருவரிடம் இருக்கவேண்டும். கடித உறையில் முத்திரையிட்டுத் தனாதிகாரியார் பெட்டியிலும் இருக்கவேண்டும். வேலை ஒழுங்கும் ஒருவர் தலைக்குள் இருக்கலாகாது.

எழுதிய கொப்பி எமது லாச்சியில் மாத்திரம் இருந்தாலும் பயன் குறைவே. அடுத்த ஊர் வாசிகசாலையும் அதே பாமினிக் கோப்போடுதான் மல்லுக்கட்டுகிறது. நாம் மூன்று மாதத்தில் அறிந்ததை அவர்கள் மூன்று மணித்தியாலத்தில் அறியலாம். அவர்கள் ஒலிநாடாவில் எம்மினும் தேர்ந்தவர்களாயிருக்கலாம். கைமாற்றாகக் கொடுக்கவும் வாங்கவும் வேண்டியது இதுவே. தமிழுலகில் இதற்கு நல்ல முன்னோடிகள் உண்டு. 1998 தைப்பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டத்திலே, சுவிற்சலாந்திலிருந்து கலாநிதி கல்யாணசுந்தரம் ஒழுங்குசெய்ய, வெவ்வேறு நாடுகளில் இருந்த தொண்டர்கள் பழந்தமிழ் நூல்களைத் தட்டெழுதிப் பிழை திருத்தி இலவசமாக வழங்கினார்கள். முன்னர் வேறு குறியீட்டு முறையில் வெளியிட்டவற்றைப் பின்னர் யூனிகோட்டுக்கும் பெயர்த்தார்கள். ஏடு பெயர்த்தெழுதிய அதே வேலை! 2005ஆம் ஆண்டு தொடங்கிய நூலகம் தளம் ஈழத்து நூல்களையும் சஞ்சிகைகளையும் பத்திரிகைகளையும் கோயில் மலர்களையும் பாடசாலை மலர்களையும் ஸ்கேன் செய்து எவரும் வாசிக்க வைத்திருக்கிறது. எமது சங்கத்தின் மலர்களையும் பொதிகட்டி அவர்களுக்கு ஒரு பிரதி அனுப்பவேண்டும் என்பது எமது வேண்டுகோள். அமெரிக்காவில் ஸ்ரான்போர்ட் பல்கலைக்கழகத்தார் 1999இல் தொடங்கிய 'லொக்ஸ்' என்ற முயற்சியின் பெயரே, பிரதி பலவாயின் பொருள் பத்திரம் என்ற கருத்துக் கொண்டது.

எழுதும்போது வெற்றியை மாத்திரம் எழுதவேண்டாம். எந்த ஸ்கேனர் பக்கத்தை மடித்தது, எந்த மென்பொருள் கொம்பை விழுங்கியது, எத்தனை பேர் எத்தனை மணிநேரம் இருந்தார்கள், என்ன செலவு என்பதே மற்றவனுக்குப் பயன். அழகாக அச்சிட்ட கைந்நூல் வரும்வரை காத்திருக்கவும் வேண்டாம். பிழையோடு இருக்கும் கொப்பியின் பிரதி இன்றே போகலாம். திகதி மாத்திரம் இட்டு அனுப்புங்கள், மறுமுறை திருத்தியது எது என்று அறிய.

எதையும் எல்லோருக்கும் திறந்துவிடலாம் என்று நாம் சொல்லவில்லை. வேலை ஒழுங்கு ஊருக்குப் பொது, ஆவணம் அப்படியன்று. அங்கத்தவர் வீட்டு விலாசம், நிவாரணம் பெற்றோர் பட்டியல், காணாமற்போனோர் பற்றிக் குடும்பத்தார் சொன்னவை போன்றவை, உரியவர் சம்மதம் இன்றி வெளியே போகலாகாது. பெயர்ப்பட்டியல் ஒன்று கையில் இருப்பதே ஆபத்தாயிருந்த காலத்தைக் கண்ட பெரியோர் இங்கு இருக்கிறார்கள். இளைஞர் அவர்களிடம் கேட்டறிக. அத்தகையவற்றைப் பேணவும் வேண்டும், பூட்டவும் வேண்டும். எது திறந்தது, எது பூட்டியது, எந்த ஆண்டு திறக்கலாம் என்பதையும் கொப்பியில் ஒரு நிரலாகச் சேர்த்திருக்கிறோம்.

இவ்வளவும் பெரிய வேலையாயிற்றே என்று மலைப்போருக்கு ஒன்று. அமெரிக்காவின் தேசிய எண்ணிமக் காவல் கூட்டிணைவு 2013இல் நான்கு படிகள் வகுத்தது, 2019இல் திருத்திற்று. அதன் முதற்படி, முழுமையான இரண்டு பிரதி வெவ்வேறு இடங்களில் இருத்தல் என்பதே. அந்தப் படியில் ஏற ஒரு வன்தட்டும் ஒரு பிற்பகலும் போதும்.

வரும் ஞாயிற்றுக்கிழமை காலை ஒன்பது மணிக்குச் சங்கக் கட்டடத்தில் வேலை தொடங்கும். முதலில் எடுப்பது கூட்டறிக்கைப் புத்தகங்கள், அதன்பின் கசெற். கசெற் வைத்திருப்போர் அதனை வெயிலிற் கொண்டுவராமல் துணிப்பையில் இட்டு, அதில் யாருடைய குரல், எந்த ஆண்டு என்று தெரிந்த மட்டும் ஒரு துண்டில் எழுதி வரவும். ஓடும் நிலையில் கசெற் கருவி உள்ளவர்கள் அதனையும் கொண்டுவந்தால் நன்று. கொப்பியின் பிரதிகள் இருபது எடுத்து வாசலில் வைத்திருக்கிறோம். வேறு சங்கங்களிலிருந்து வந்திருப்போர் ஒவ்வொன்று எடுத்துச் செல்லலாம். பிழை கண்டால் ஓரத்தில் எழுதித் திருப்பி அனுப்பும்படி கேட்டுக்கொள்ளுகிறோம்.